குமரிக்கு நேர் தெற்கே

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)



கன்னியாகுமரிக்கு நாம் போவது பெரும்பாலும் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வரும்போதுதான். சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, சங்குக் கடை, திரும்பும் வழியில் சுசீந்திரம் என்று நாள் முடிந்துவிடும். அடுத்த முறை போகும்போது கூட்டத்தை விட்டுக் கொஞ்சம் விலகி, கடலைப் பார்த்து நேர் தெற்காக நில்லுங்கள். உங்கள் காலடியில் ஓடுவது கிழக்குத் தீர்க்கரேகை 77 டிகிரி 33 நிமிடம். அந்தக் கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு போனால், பாதி தூரத்துக்கு மேல் கடந்தபிறகு ஆம்ஸ்டர்டாம் தீவு என்ற பிரெஞ்சுக்காரர்களின் குட்டித் தீவும் அதையொட்டி இன்னொரு தீவும் வரும். அவற்றை விட்டால் மண் என்பதே கிடையாது. சுமார் 8,600 கிலோமீட்டர் தாண்டி மறுபடி கரை தட்டும் இடம் அண்டார்க்டிகா. அங்கே, ஏறக்குறைய நம் கோட்டிலேயே, 76 டிகிரி 11 நிமிடத்தில் நம் நாட்டுக் கொடி பறக்கிறது. பாரதி ஆராய்ச்சி நிலையம்!

இது எனக்கு மூன்றாம் வருஷம் வரை தெரியாது. தெரிந்துகொண்டது கோவாவில். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இண்டஸ்ட்ரியல் விசிட் என்ற பெயரில் எங்கள் வகுப்பு நாகர்கோவிலிலிருந்து காந்திதாம் எக்ஸ்பிரஸில் கோவா போனது. எதற்காகப் போனோம் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் கடற்கரை என்றுதான் சொல்வார்கள், பொய் சொல்லிப் பிரயோஜனமில்லை. வாஸ்கோ பக்கம் ஒரு தொழிற்சாலை பார்த்துவிட்டு மத்தியானம் சும்மா இருந்தபோது, கூட வந்த சார் "இங்கே துருவ ஆராய்ச்சி மையம் இருக்கு, சொல்லி அனுமதி வாங்கியிருக்கேன்" என்றார். பின்பெஞ்சில் முணுமுணுப்பு. எனக்கும் விருப்பம் இல்லை. காரணம் வேறு. கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் ரிசல்ட் வந்திருந்தது. தெர்மல் பேப்பர் போயிருந்தது. வீட்டில் சொல்லவில்லை. விஞ்ஞானிகள் இருக்கிற இடத்தில் அரியர் வைத்திருக்கிற டிப்ளமாக்காரனுக்கு என்ன வேலை என்றுதான் நினைத்தேன்.

மையத்தின் பெயர் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம். வாஸ்கோவுக்கு மேலே ஹெட்லேண்ட் சடா என்ற குன்றின்மேல் இருக்கிறது. கீழே மர்மகோவா துறைமுகம். இந்தியாவின் முதல் அண்டார்க்டிகா பயணம் 1981 டிசம்பர் 6-ஆம் தேதி புறப்பட்டது கோவாவிலிருந்துதான். டாக்டர் காசிம் தலைமையில் 21 பேர், 'போலார் சர்க்கிள்' என்ற வாடகைக் கப்பல். 1982 ஜனவரி 9-இல் பனிக்கண்டத்தில் கால் வைத்தார்கள். 2025 மே மாதம் இந்த வளாகத்தில் போலார் பவன், சாகர் பவன் என்று இரண்டு புதிய கட்டிடங்களைத் திறந்தார்கள். நாட்டின் முதல் துருவ, கடல் அருங்காட்சியகம் போலார் பவனில் அமையப்போகிறது என்று அப்போதே அறிவித்தார்கள். நாங்கள் அங்கே முக்கியமாகப் பார்த்தது ஒரு உருண்டை.

உருண்டை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். ஆள் உயரத்துக்குக் குறையாத வெள்ளைக் கோளம், இருட்டறையில் அந்தரத்தில் தொங்குகிறது. நாலு பக்கமிருந்தும் புரொஜெக்டர்கள் அதன்மேல் படம் போடுகின்றன. அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனம் உண்டாக்கிய முறை. விளக்கை அணைத்ததும் பூமியே எதிரில் சுற்றுகிறது. மேகம் நகர்கிறது, கடல் நீரோட்டம் ஓடுகிறது. கோளத்துக்கு அடியில் குனிந்து பார்த்தால் அண்டார்க்டிகா. நம் ஊர் சுவர் மேப்பில் கீழே வெள்ளைக் கோடாக இழுத்துவிட்டிருப்பார்களே, அதுவா இது! இந்தியாவைப்போல் நாலு மடங்குக்கும் பெரிய கண்டம். உலகத்து நன்னீரில் பாதிக்கு மேல் அங்கே பனிக்கட்டியாக உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கோளத்தில் கடல் அலைகளை ஓட்டிக் காட்டும்போது வகுப்பு அமைதியானது. தெற்குப் பெருங்கடலில், குமரியிலிருந்து ஐயாயிரம் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், தடுக்க நிலம் இல்லாமல் காற்று ஓயாது வீசிக்கொண்டிருக்கிறது. அங்கே புயல் கிளப்பும் நீண்ட அலைகள் வடக்கே புறப்படுகின்றன. நாலைந்து நாளில் அவை எங்கே வந்து மோதுகின்றன தெரியுமா? கேரளக் கரையிலும் நம் கரையிலும். வானம் தெளிவாக இருக்கும், உள்ளூரில் காற்றுகூட இருக்காது, கடல் மட்டும் திடீரென்று ஏறி வரும். மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் கள்ளக்கடல். கள்ளன்போல் சொல்லாமல் வருவதால். அந்தப் பெயரையே 2012-இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டு, உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் அப்படியே எழுதுகிறார்கள்.

கணக்கு பார்க்க ஆசையுள்ளவர்களுக்கு: ஆழ்கடலில் அலைக்கூட்டம் போகும் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தை அலையின் கால அளவால் பெருக்கி நாலு பையால் வகுத்தால் கிடைக்கும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 18 விநாடி என்றால் வேகம் விநாடிக்கு 14 மீட்டர். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர். நம்ம ஊர் பஸ் வேகம். ஒரு நாளைக்கு 1,200 கிலோமீட்டர். ஐந்து நாளில் 6,000. ஆகவே அங்கே புயல் அடிக்கும்போதே அளந்துவிட்டால் இங்கே எச்சரிக்கை சொல்ல நாள் இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையம் அதைத்தான் செய்கிறது.

2024 மே 6-ஆம் தேதியை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஐந்து பேரை அலை கொண்டுபோனது. நம்மைவிடச் சில வயதுதான் மூத்தவர்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. நானும் அதை செல்போனில் பார்த்தேன், வாசிக்காமல் தள்ளிவிட்டேன். அந்த உருண்டையின் அடியில் கிளம்பிய அலை மெல்ல மேலே ஏறி நம் மாவட்டத்தைத் தொடுவதைப் பார்த்தபோது, துருவ ஆராய்ச்சி என்பது யாரோ தாடிக்காரர்கள் எங்கோ பனியில் செய்யும் வேலை என்ற எண்ணம் எனக்குப் போய்விட்டது.

சாகர் பவனில் மைனஸ் 30 டிகிரியில் பனித்தண்டுகளை வைத்து ஆராயும் அறைகள் இருக்கின்றன. உள்ளே எங்களை விடவில்லை. முப்பது பேர் மூச்சுவிட்டால் அறை என்னாகும்! பனித்தண்டு என்பது பனிப்பாளத்தில் துளை போட்டு எடுக்கும் நீள உருளை. வருஷா வருஷம் விழுந்த பனி அடுக்கடுக்காக இறுகி, இடையில் அந்தக் காலத்துக் காற்றைக் குமிழியாகப் பிடித்து வைத்திருக்கும். அண்டார்க்டிகாவில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் எடுத்த ஒரு தண்டில் எட்டு லட்சம் வருஷத்துக் காற்று இருக்கிறது. நம் மரக்கடையில் வெட்டுமுகத்தில் வளையம் எண்ணுவதுபோலத்தான்.

இனி முக்கியமான ஆளிடம் வருகிறேன்.

எங்களைச் சுற்றிக் காட்டியவர்களோடு ஒருவர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். வயது ஐம்பதுக்கு மேல். கொல்லம் பக்கத்துக்காரர். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு மலையாளம் கலந்த தமிழில் பேச ஆரம்பித்தார். மைத்ரி நிலையத்தில் குளிர்காலம் முழுக்க இருந்தவராம். விஞ்ஞானியா என்று கேட்டோம். "இல்லை மோனே, ஜெனரேட்டர் மெக்கானிக்" என்றார்.

மாணவர்கள் சேட்டா சேட்டா என்று சூழ்ந்துகொண்டார்கள். அவர் சொன்னதில் மறக்காத ஒன்று. குளிர்காலத்தில் இரண்டு மாதம் போல சூரியன் எழும்பாது. கப்பல் வராது, விமானம் வராது. வெளியே காற்று அலறும். ஆனாலும் எல்லோரும் நன்றாகத் தூங்குவார்கள். "ஜெனரேட்டரின்டெ சத்தம் நின்னால் மட்டும் எல்லாரும் ஒரே நேரத்தில் எழும்பும்" என்றார். விஞ்ஞானி, டாக்டர், சமையல்காரர் எல்லோருமே. அந்தச் சத்தம்தான் உயிர். வெளிச்சம், சூடு, தண்ணீர், வயர்லெஸ் எல்லாம் அதிலிருந்துதான். அதனால் ஒரு மெஷின் ஓடும்போது அடுத்தது எப்போதும் தயாராக நிற்க வேண்டும்.

பிறகு எங்களைப் பார்த்து ஒரு கேள்வி. "டீசல் எஞ்சினில் நூறு பங்கு வெப்பம் கொடுத்தால் ஷாஃப்ட்டில் எத்தனை கிட்டும்?"

நண்பர்களே, நான் ஃபெயிலான கேள்வி அதுதான். ஹீட் பேலன்ஸ் ஷீட். பன்னிரண்டு மார்க் கணக்கு. பக்கத்தில் நின்றவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். தெரிந்ததை மெல்லச் சொன்னேன். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேலையாகக் கிடைக்கும், ஒரு பங்கு புகையோடு போகும், ஒரு பங்கு கூலிங் வாட்டரோடு போகும்.

"போகும் என்னு வெச்சால்?"

"வேஸ்ட் ஆகும் சேட்டா."

"அவிடெ வேஸ்ட் என்னு ஒண்ணும் இல்லா" என்றார் அவர்.

பாரதி நிலையத்தில் இருப்பது மின்சாரத்தையும் வெப்பத்தையும் சேர்த்தே எடுக்கும் யூனிட். எஞ்சினைச் சுற்றி வரும் சூட்டுத் தண்ணீரும் புகையின் சூடும் குழாய் வழியாகப் போய் அறைகளைச் சூடாக்குகின்றன. நாம் ரெக்கார்டு நோட்டில் 'இழப்பு' என்று தலைப்புப் போட்டு எழுதும் அந்த மூன்றில் இரண்டு பங்கில்தான் அங்கே மனிதர்கள் குளிர் தெரியாமல் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை கப்பலில் வரும் எண்ணெய். அதில் ஒரு சொட்டின் சூட்டையும் விடமுடியாது. பன்னிரண்டு மார்க் கணக்கு என்று நான் மனப்பாடம் செய்து மறந்தது, அந்த ஊரில் வீட்டுக்கூரை.

எண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பம்பில் போடும் டீசலில் மெழுகு கரைந்திருக்கிறது. நம் ஊர் வெயிலில் அது தெரியாது. குளிர் ஏறும்போது மெழுகு பிரிந்து, எண்ணெய் கலங்கி, ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அதனால் துருவப் பகுதியில் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த விமான எரிபொருளையே பெரும்பாலும் எஞ்சினுக்கு ஊற்றுகிறார்கள். அதன் உறைநிலை மைனஸ் 47. எஞ்சின் ஆயில் கெட்டியாகும், பேட்டரி பாதி பலம் இழக்கும், ரப்பர் சீல் கல்லாகும். பனியில் ஓடும் பிஸ்டன் புல்லி என்ற சங்கிலிச் சக்கர வண்டியை முதலில் சூடாக்காமல் ஸ்டார்ட் செய்ய முடியாது. இவ்வளவும் நம் சிலபஸில் ஒவ்வொரு வரியாக இருக்கிறது, யாரும் சேர்த்து வைத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பியதும் நூலகத்தில் துருவப் பயணங்களைத் தேடி வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் படித்தது அமுண்ட்சென் முதலில் போனார், ஸ்காட் இரண்டாவது போய்த் திரும்பும்போது இறந்தார் என்பது மட்டும். 1911 டிசம்பர் 14, 1912 ஜனவரி 17. இந்த இரண்டு தேதிகளுக்கு இடையில் இருக்கும் கதையை மெக்கானிக் கண்ணால் வாசித்தால் வேறுமாதிரி தெரிகிறது.

ஸ்காட் மூன்று மோட்டார் சறுக்குவண்டிகள் கொண்டுபோனார். அந்தக் காலத்துக்குப் பெரிய புதுமை. அவற்றை உருவாக்க உழைத்தவர் ரெஜினால்டு ஸ்கெல்டன் என்ற கடற்படை எஞ்சினியர். வண்டியின் ஒவ்வொரு போல்ட்டும் தெரிந்தவர். ஆனால் அவரைக் கூட்டிப்போகவில்லை. ஏன்? பயணத்தின் இரண்டாவது தலைவர் எவன்ஸைவிட ஸ்கெல்டன் பதவியில் மூத்தவர். தனக்குக் கீழே மூத்தவர் வந்தால் சரிப்படாது என்று எவன்ஸ் சொல்ல, ஸ்காட் ஒத்துக்கொண்டார். மூன்றில் ஒரு வண்டி கப்பலிலிருந்து இறக்கும்போதே பனி உடைந்து கடலுக்குள் போனது. மற்ற இரண்டும் நூறு கிலோமீட்டர்கூட ஓடாமல் எஞ்சின் கோளாறில் நின்றன. மெக்கானிக் ஒருவர் கூடவே இருந்தார், திறமைசாலிதான். ஆனாலும் வண்டியைப் பெற்றவன் இங்கிலாந்தில் இருந்தான். ஸ்கெல்டன் இருந்திருந்தால் ஸ்காட் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். அது அத்தனை லேசான விஷயம் இல்லை. பதவிக் கணக்குப் பார்த்து கைத்தொழில் தெரிந்தவனை விட்டுப்போனது மட்டும் என் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்று வாஷர். ஸ்காட்டின் மண்ணெண்ணெய் டின்களின் மூடியில் தோல் வாஷர். கடுங்குளிரில் தோல் சரியாகப் பிடிக்காமல் எண்ணெய் கசிந்தது. திரும்பி வரும் வழியில், சேமித்து வைத்த இடங்களில் டின்னைத் திறந்தால் அளவு குறைவு. எண்ணெய் இல்லையென்றால் பனியை உருக்கித் தண்ணீர் இல்லை, சூடான சாப்பாடு இல்லை. கடைசிக் கூடாரம், அடுத்த சேமிப்பு இடத்துக்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டர் முன்னால் நின்றுபோனது. அமுண்ட்சென் ஆட்களோ டின்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து அடைத்திருந்தார்கள். ஃபிட்டிங் ஷாப்பில் வாஷரைத் தொலைத்துவிட்டு "ஒரு வாஷர்தானே சார்" என்று நான் சொல்லியிருக்கிறேன்.

ஷேக்கில்டனின் கதை பலருக்குத் தெரியும். கப்பல் பனியில் நசுங்கி, 28 பேரும் பிழைத்தது. அதில் தச்சர் ஒருவர் உண்டு, ஹாரி மெக்நிஷ். 'ஜேம்ஸ் கெய்ர்ட்' என்ற திறந்த படகுக்கு, சறுக்குவண்டிக் கட்டைகளையும் பெட்டி மூடிகளையும் கேன்வாஸ் துணியையும் வைத்து மேல்தளம் போட்டார். இடுக்குகளை விளக்குத்திரியும் ஓவியர் வைத்திருந்த எண்ணெய்ச் சாயமும் சீல் ரத்தமும் கொண்டு அடைத்தார். 1916 ஏப்ரல் 24-இல் ஆறு பேர் அதில் ஏறி, உலகத்தின் மோசமான கடலில் 1,300 கிலோமீட்டர் போய், மே 10-இல் தெற்கு ஜார்ஜியாத் தீவில் கரை சேர்ந்தார்கள். காத்திருந்த 22 பேரும் ஆகஸ்டில் மீட்கப்பட்டார்கள். பயணம் முடிந்து எல்லோருக்கும் துருவப் பதக்கம் கொடுக்கப் பரிந்துரைத்தபோது நாலு பேரை விட்டார்கள். அந்த நாலில் ஒருவர் மெக்நிஷ். தலைவரோடு ஒருமுறை வாதாடினாராம். எங்கப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் குளச்சலில் போட் எஞ்சின் வேலை பார்க்கிறவர். கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "படவு கரை சேந்துச்சுல்லா மக்கா" என்றார்.

அரியர் விஷயத்தையும் அன்றைக்கே சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "எஞ்சின் சூட்டுக் கணக்குலயா போச்சு? லேய், தெனமும் எங்கூட அந்தச் சூட்டுலதாம்லே நின்ன!" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மற்றத் துறை நண்பர்கள் இது மெக்கானிக்கல்காரன் புராணம் என்று தள்ளிவிடக் கூடாது. சிவில் நண்பர்களுக்கு: நம் முதல் நிலையம் தட்சிண கங்கோத்ரி, 1983-84-இல் மிதக்கும் பனித்தட்டின்மேல் கட்டியது. வருஷா வருஷம் பனி மூடி, கட்டிடமே உள்ளே புதைந்துகொண்டு போனது, 1990-இல் நிலையம் என்ற நிலையிலிருந்து விடுவித்தார்கள். பாடம் படித்துக்கொண்டு, மைத்ரியை 1989-இல் ஷிர்மாக்கர் சோலை என்ற பாறை நிலத்தில் கால்கள் ஊன்றி நிறுத்தினார்கள். பக்கத்து ஏரியிலிருந்து குடிதண்ணீர். 2012 மார்ச் 18-இல் தொடங்கிய பாரதிக்கு 134 கப்பல் கன்டெய்னர்களை அடுக்கி, மேலே உறை போர்த்தினார்கள். கன்டெய்னரே பெட்டியாக வந்து கன்டெய்னரே அறையானது. தரையிலிருந்து உயர்த்திக் கட்டியிருப்பதால் காற்று அடியில் புகுந்து பனியைச் சேரவிடாமல் அடித்துக்கொண்டு போகும். மைத்ரி பழையதாகிவிட்டதால் மைத்ரி-2 வரப்போகிறது. அஸ்திவாரம் பற்றி அங்கே என்ன செய்யப்போகிறார்கள் என்று உங்கள் சார்களிடம் கேட்டு எங்களுக்கும் சொல்லுங்கள்.

எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு: துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செயற்கைக்கோள் ஒரு நாளில் பதினாலு சுற்றுப் போல வரும். நம் ஊர் ஆன்டெனா அதில் சிலவற்றைத்தான் பிடிக்கும். துருவத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலான சுற்றுகளைப் பிடிக்கலாம். அதனால் இஸ்ரோ பாரதியில் தரைநிலையம் வைத்திருக்கிறது. அங்கே வேலைக்குப் போய் 403 நாள் இருந்து 2017 டிசம்பரில் திரும்பிய இஸ்ரோ விஞ்ஞானி மங்கள மணி, ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. நம் சகோதரிகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1983-84 பயணத்திலேயே அதிதி பந்த், சுதீப்தா சென்குப்தா என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் போயிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்தும் ஆள் போகாமல் இல்லை. கர்னல் கணேசன் 1980-களின் கடைசியில் தட்சிண கங்கோத்ரியில் குளிர்காலக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அண்டார்க்டிகாவிலிருந்து கொண்டுவந்த கல்லைத் திருவாரூர் மாவட்டம் சன்னாநல்லூரில், சொந்த ஊரில் வைத்திருக்கிறார். கல் என்றதும் இன்னொரு விஷயம். சுமார் 13 கோடி வருஷத்துக்கு முன்னால் வரை இந்தியாவும் கிழக்கு அண்டார்க்டிகாவும் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே நிலம். நம் மாவட்டத்துக் குவாரியில் உடைக்கும் சார்னோகைட் வகைக் கருங்கல் அங்கேயும் இருக்கிறது. பிரிந்துபோன பங்காளி வீடு!

எப்படிப் போவது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். குளிர்காலம் தங்கும் குழுவில் விஞ்ஞானிகளுக்குச் சமமாக டெக்னிக்கல் ஆட்களும் வேண்டும். ஜெனரேட்டர் மெக்கானிக், வண்டி மெக்கானிக், எலக்ட்ரீஷியன், வெல்டர், பாய்லர் ஆப்பரேட்டர், கார்ப்பென்டர், சமையல்காரர், நர்ஸ். இவர்களை மையம் ஒப்பந்த முறையில் விளம்பரம் போட்டு எடுக்கிறது. படிப்போடு, கையில் சில வருஷ அனுபவமும் கேட்பார்கள். மருத்துவப் பரிசோதனை கடுமையானது. தேறினால் இமயமலையில் ஆலி என்ற இடத்தில் பனியில் நடக்கவும் கயிறு கட்டவும் பயிற்சி. இப்போதெல்லாம் பயணம் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் வழியாக. நாளைக்கே கிடைத்துவிடாது. ஐந்தாறு வருஷம் ஒழுங்காகக் கை கறுத்தவனுக்குத்தான்.

கொல்லத்துச் சேட்டா விடைபெறும்போது ஒரு வேலை கொடுத்தார். "உங்கள் லேபில் சார்ப்பி மெஷின் உண்டோ? சாதா மைல்டு ஸ்டீலைத் தணுப்பிச்சு அடிச்சு நோக்கு" என்றார்.

நம் மெட்டீரியல்ஸ் லேபில் மூலையில் நிற்கிறதே, பெரிய சுத்தியல் ஊசலாடும் மெஷின், அதுதான். பத்துக்குப் பத்து மில்லிமீட்டர், நீளம் ஐம்பத்தைந்து, நடுவில் வி வடிவ வெட்டு. இரண்டாம் வருஷம் செய்தோம், முள் காட்டிய எண்ணை எழுதிவிட்டுக் கையெழுத்து வாங்கினோம். சாதாரண இரும்புக்கு ஒரு குணம். சூட்டில் வளைந்து கொடுக்கும், குறிப்பிட்ட குளிருக்குக் கீழே கண்ணாடிபோல் உடையும். 1943 ஜனவரி 16-இல் அமெரிக்காவில் போர்ட்லாண்டில், கட்டி முடித்துக் கரையோரம் சும்மா நின்ற 'ஷெனெக்டடி' என்ற எண்ணெய்க் கப்பல் இரவில் வெடிச்சத்தத்தோடு இரண்டாகப் பிளந்தது. குண்டு போடவில்லை, புயல் அடிக்கவில்லை. வெல்டிங்கில் ஆரம்பித்த விரிசல், குளிர்ந்த இரும்பில் நிற்காமல் ஓடிவிட்டது. துருவத்தில் வேலை செய்யும் வண்டிக்கும் கிரேனுக்கும் நிக்கல் கலந்த இரும்பு தேடுவது இதனால்தான்.

ஹெச்.ஓ.டி. சாரிடம் அனுமதி கேட்டோம். "ஐஸ் எங்கேயிருந்து கொண்டு வருவீங்க?" என்றார். குளச்சல்காரனிடம் கேட்கிற கேள்வியா அது? மீனுக்குப் போடும் ஐஸ் ஒரு பாளம், சாக்கில் சுற்றி, டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. மூன்று பங்கு ஐஸ் தூளுக்கு ஒரு பங்கு கல்லுப்பு. தியரிப்படி மைனஸ் 21 வரை போக வேண்டும். எங்களுக்கு மைனஸ் 15 தான் கிடைத்தது. அதுபோதும் என்றார் சார். ஆறு துண்டு தயார் செய்தோம். மூன்றை வெளியே வைத்தோம், மூன்றைப் பத்து நிமிஷம் உப்பு ஐஸில் புதைத்தோம். எடுத்து ஐந்து விநாடிக்குள் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடேறிவிடும். ஒருவன் இடுக்கியோடு, ஒருவன் லீவரில், நான் முள்ளைப் பார்க்க.

சாதாரணத் துண்டை அடித்தபோது சுத்தியல் தடுமாறி, கொஞ்சம்தான் ஏறியது. துண்டு முழுசாக உடையாமல் வளைந்து கிழிந்து நின்றது. கிழிந்த இடம் மங்கல் சாம்பல் நிறம், நார் நாராக. அடுத்து ஐஸ் துண்டு. 'டிக்' என்று ஒரு சத்தம். சுத்தியல் பெரிய தடை இல்லாததுபோல் அந்தப் பக்கம் உயரே போனது. துண்டு இரண்டாகத் தெறித்து, ஒன்று ஜன்னல் ஓரம் போய் விழுந்தது. ஓடிப்போய் எடுத்தேன். விரலில் குளிர் ஒட்டியது. உடைந்த முகம் சர்க்கரைக்கட்டிபோல் பளபளவென்று மின்னியது.

அந்த இரண்டு துண்டும் இப்போது மெட்டீரியல்ஸ் லேப் அலமாரியில் இருக்கின்றன. முதலாண்டு தம்பிகள் வந்து பார்க்கலாம், சாவி லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் இருக்கிறது. துரு பிடிக்காமல் இருக்க கிரீஸ் தடவி வைத்திருக்கிறோம், துடைத்துவிட்டுப் பாருங்கள், பார்த்தபின் மறுபடி தடவி வையுங்கள். தெர்மல் பேப்பர் ஏப்ரலில் திரும்ப எழுதுகிறேன்.